அந்த அறையில் என்ன பேசியிருப்பார்கள்? வரலாற்று மனிதர்களின் சந்திப்பைத் திரைக்கதையாக்க ஒரு வழிகாட்டி

1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் நடந்த உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டையில், ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது சோனி லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை. பின்னாளில் முகமது அலி என்று அறியப்பட்ட 22 வயது காசியஸ் கிளே உலகச் சாம்பியன் ஆனார். அன்றிரவு அவர் பிரவுன்ஸ்வில் பகுதியில் இருந்த ஹாம்ப்டன் ஹவுஸ் என்ற விடுதிக்குப் போனார். கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவரான மால்கம் எக்ஸ், பாடகர் சாம் குக், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரவுன் ஆகிய மூவரும் அன்றிரவு அவரோடு இருந்தார்கள். கிளே வனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டார் என்பதுவரை தெரிகிறது. நால்வரும் என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை.

அந்தத் தெரியாத பேச்சைக் கெம்ப் பவர்ஸ் நாடகமாக எழுதினார். 2013இல் அது லாஸ் ஏஞ்சலிஸில் மேடையேறியது. ரெஜினா கிங் இயக்கத்தில் 'ஒன் நைட் இன் மயாமி' என்ற படமாகி 2020 வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பிரம்மாண்டக் காட்சிகளை நம்பாமல், பெரும்பகுதி நேரம் நான்கு பேர் ஓர் அறையில் பேசுவதைக் காட்டும் படம் அது. நான் அதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

இப்படியொரு திரைக்கதையை முதன்முதலாக எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு இந்த வகை மிகவும் பொருந்தும். ஓர் அறை, இரண்டு அல்லது மூன்று நடிகர்கள், நல்ல வசனம் ஆகியவை போதும். ஆனால் வசனத்துக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நானும் ஒருகாலத்தில் குதித்தேன். என் முதல் முயற்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பக்கம் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டார்கள். படித்துப் பார்த்த நண்பர், "இவர்களுக்கு ஒருவரிடம் ஒருவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: யாரை யாரோடு உட்காரவைப்பது

இரண்டு பேருமே புகழ்பெற்றவர்கள் என்பது காரணமாகாது. முதலாமவருக்கு வேண்டிய ஒன்று இரண்டாமவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அதைக் கொடுப்பதால் இரண்டாமவருக்கு ஏதாவது ஓர் இழப்பு இருக்க வேண்டும்.

மயாமி அறையில் இது துல்லியமாக அமைந்திருக்கிறது. மால்கம் எக்ஸுக்கும் அவர் இருந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பின் தலைவர் எலைஜா முகமதுவுக்கும் விரிசல் முற்றியிருந்த நேரம் அது. தனியாக வெளியேறினால் துணைக்கு ஆள் வேண்டும். உலகச் சாம்பியன் உடன் வந்தால் அதைவிடப் பெரிய துணை இல்லை. கிளேவுக்கோ மால்கம் நண்பர், ஆசான். நட்பு எங்கே முடிகிறது, தேவை எங்கே தொடங்குகிறது என்பது இருவருக்குமே தெளிவாகத் தெரியாது. அந்த அறையில் உள்ள வெப்பம் முழுவதும் இதிலிருந்து வருகிறது.

நீங்கள் தேர்ந்தெடுத்த இருவரை வைத்து இரண்டே வாக்கியம் எழுதுங்கள்: "இவருக்கு அவரிடமிருந்து இன்னது வேண்டும். அதைக் கொடுத்தால் அவர் இன்னதை இழப்பார்." எழுத முடியவில்லையென்றால் வேறு இருவரைத் தேடுங்கள். தேடுவதில் ஒரு மாதம் போனாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் படி: இடைவெளி எப்படிப்பட்டது என்று அறிவது

என்னைப் பொறுத்தவரை முழு வேலையின் உயிர்நாடி இதுதான். கற்பனைக்கு இடம் கொடுப்பது ஆவணங்களில் உள்ள மௌனம். அந்த மௌனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

சில சந்திப்புகள் நடந்தது உறுதி, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. மயாமி அப்படிப்பட்டது. இதில் இடம், நாள், ஆட்கள் ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. பேச்சு உங்களுடையது.

இன்னும் சில சந்திப்புகளில் இருந்தவர்களே பின்னாளில் மாறுபட்டு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1941 செப்டம்பரில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைசன்பர்க், நாஜிப் படைகளின் பிடியில் இருந்த கோபன்ஹேகனுக்குப் போய்த் தன் பழைய ஆசான் நீல்ஸ் போரைச் சந்தித்தார். அணு ஆயுதம் பற்றி என்ன பேசப்பட்டது என்பதில் இருவர் நினைவும் ஒத்துப்போகவில்லை. மைக்கேல் ஃபிரெய்ன் இதை 1998இல் நாடகமாக்கினார். 2002இல் பிபிசி அதைப் படமாக்கியது. இறந்துபோன மூவர், அதாவது நீல்ஸ் போர், அவர் மனைவி மார்கரெத், ஹைசன்பர்க், அந்த மாலைப்பொழுதை மறுபடி மறுபடி நடத்திப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது வேறாக வருகிறது. எது உண்மை என்று தீர்ப்பளிக்காமல், தீர்ப்பளிக்க முடியாத நிலையையே ஃபிரெய்ன் கதையின் வடிவமாக்கியிருக்கிறார். நாடகம் கிளப்பிய விவாதத்தின் விளைவாக, நீல்ஸ் போர் ஹைசன்பர்க்குக்கு எழுதியும் அனுப்பாமல் வைத்திருந்த கடித வரைவுகளை அவருடைய ஆவணக் காப்பகம் 2002இல், திட்டமிட்டதற்குப் பத்தாண்டு முன்பாகவே, வெளியிட்டது. ஒரு கற்பனைப் படைப்பு ஆவணப் பெட்டியைத் திறக்கவைத்தது! இந்த வகையை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைப் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகையில் அவர்கள் சந்திக்கவே இல்லை. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தும் ஸ்காட்லாந்தின் மேரியும் கடிதம் எழுதிக்கொண்டார்கள், நேரில் பார்த்ததில்லை. மேரி ஏறத்தாழ 19 ஆண்டுகள் இங்கிலாந்தில் சிறையிருந்து 1587இல் தலை வெட்டப்பட்டார். 2018இல் வந்த படத்தில் இருவரும் துணி வெளுக்கும் கூடம் ஒன்றில் சந்திக்கிறார்கள். தொங்கும் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டே பேசுகிறார்கள். முகம் தெரிய வெகுநேரம் ஆகிறது. நடக்காத ஒன்றைப் பார்க்கிறோம் என்பதை அந்தத் துணிகளே சொல்லிவிடுகின்றன. ராஜமௌலியின் 'ஆர்ஆர்ஆர்' படமும் இந்த வகைதான். தெலுங்கு மண்ணின் போராட்ட வீரர்களான அல்லூரி சீதாராம ராஜுவும் கொமரம் பீமும் தலைவர்களாவதற்கு முன் ஊரைவிட்டு விலகியிருந்த ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அந்த இருட்டில் ஒரு நட்பைக் கட்டியது. சந்திக்காதவர்களைச் சந்திக்கவைக்கும்போது கற்பனை என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். வரலாற்று நூலின் தோரணையில் நாளும் நேரமும் போட்டு நடக்காத சந்திப்பைக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாம் படி: நாட்குறிப்பு

ஒரு நீளத் தாளை எடுத்து நடுவில் சந்திப்பு நாளை எழுதுங்கள். இடதுபுறம் அதற்கு முந்தைய மூன்று மாதம், வலதுபுறம் பிந்தைய ஓராண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணம்.

மயாமிக்கு இதைச் செய்து பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பிப்ரவரி 26: கிளே தன் இஸ்லாமிய மத நம்பிக்கையைப் பத்திரிகையாளர்களிடம் உறுதிப்படுத்துகிறார். மார்ச் 6: அவருக்கு முகமது அலி என்ற பெயர் சூட்டப்படுகிறது. மார்ச் 8: மால்கம் அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவிக்கிறார். அலி அவரோடு போகவில்லை. டிசம்பர் 11: சாம் குக் லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக் கொல்லப்படுகிறார். 1965 பிப்ரவரி 21: மால்கம் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்படுகிறார். அந்த இரவிலிருந்து ஓராண்டுக்குள் நால்வரில் இருவர் இல்லை.

இதில் எதுவும் அறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. பார்வையாளர்களில் பலருக்குத் தெரியும். ஆகவே எதிர்காலம் தெரிந்தவர்போல ஒருவரையும் பேசவைக்காதீர்கள். "நான் அதிக நாள் இருக்கமாட்டேன்" என்று கண்கலங்கும் வசனத்தை எழுதக் கை துறுதுறுக்கும். அடித்துவிடுங்கள். நாளை என்ன செய்யலாம், அடுத்த மாதம் எங்கே போகலாம் என்று அவர்கள் சாதாரணமாகப் பேசட்டும். பார்ப்பவர் மனம் தானாகக் கனக்கும்.

நான்காம் படி: அறை

ஏன் அந்த இடத்தில் கூடினார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். மயாமி பீச்சின் பெரிய விடுதிகள் கறுப்பின மக்களுக்கு இடம் மறுத்துவந்த காலம் அது. மேடையில் அடித்து வென்றவருக்கும் அன்றிரவு கொண்டாட்டம் கறுப்பின மக்களின் பகுதியில் இருந்த ஒரு விடுதியில்தான். வசனமே இல்லாமல் அந்த அறையின் முகவரி நாட்டின் நிலையைச் சொல்லிவிடுகிறது. கொண்டாட்டம் என்று எதிர்பார்த்து வந்த நண்பர்களுக்கு மது கிடையாது, பெண்கள் கிடையாது, வனிலா ஐஸ்கிரீம் மட்டும். ஆவணத்தில் ஒரு வரியாகக் கிடந்த செய்தியைப் படம் ஒரு முழுக் காட்சியாக விரிக்கிறது. உங்கள் ஆராய்ச்சியிலும் இப்படி ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

உண்மையான இடம் கிடைக்காமல் போகலாம். இரண்டு போப்பாண்டவர்களின் உரையாடலை வைத்து 2019இல் வந்த படத்துக்காக, சிஸ்டைன் தேவாலயத்தை ரோமின் சினேசிட்டா ஸ்டுடியோவில் முழு அளவில் எழுப்பினார்கள். நமக்கு அந்தப் பணம் இல்லை. ஆனால் சன்னல் எந்தத் திசையில், விளக்கு மின்சாரமா அரிக்கேனா, உட்கார நாற்காலியா பாயா என்பதைச் சரியாகப் பிடிக்கப் பணம் தேவையில்லை. நேரம் செலவழித்தால் போதும்.

ஐந்தாம் படி: பேச்சு

ஒவ்வொருவருடைய கடிதங்கள், பேட்டிகள், நண்பர்கள் எழுதிய நினைவுகள் ஆகியவற்றைப் படித்து, அவர் தனிமையில் எப்படிப் பேசுவார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சு இதற்கு உதவாது. கோபம் வந்தால் குரல் உயருமா, அடங்குமா? கேள்விக்குக் கேள்வி கேட்பவரா? எதிரே இருப்பவரை எப்படி அழைப்பார்?

புகழ்பெற்ற மேற்கோள்களை வாயில் திணிக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த வரியை நடிகர் சொன்னதும் அரங்கம் கைதட்டும். அந்தக் கணமே அறை கலைந்து நினைவுநாள் கூட்டமாகிவிடும்.

இருவர் வாதத்திலும் நியாயம் இருக்க வேண்டும். மயாமி படத்தில் மால்கம் பாப் டிலனின் பாடல் ஒன்றை இசைத்தட்டில் ஓடவிட்டு, மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன் எழுதுவதை நீ ஏன் எழுதவில்லை என்ற பொருளில் சாம் குக்கைக் குத்துகிறார். குக் தலைகுனியவில்லை. சொந்த இசை நிறுவனம், பாடல் உரிமை, தன்னால் பிற கலைஞர்களுக்குக் கிடைக்கும் வருமானம் என்று திருப்பி அடிக்கிறார். நான் பார்த்த மூன்று முறையும் வெவ்வேறு ஆள் பக்கம் சாய்ந்தேன். ஒரு பக்கத்தில் இருப்பவரை நீங்கள் அதிகம் நேசிக்கலாம். அப்படியானால் மற்றவருக்கு இன்னும் கூர்மையான வசனம் எழுதுங்கள்.

பெயரை மறைத்துப் படித்துப் பார்ப்பது நல்ல சோதனை. 'இன்சிக்னிஃபிகன்ஸ்' என்ற 1985 படத்தில் ஐன்ஸ்டைன், மர்லின் மன்றோ போன்றவர்களின் சாயலில் நான்கு பேர் வருகிறார்கள். பெயர் சொல்லப்படுவதில்லை, பேராசிரியர், நடிகை, விளையாட்டு வீரர், செனட்டர் என்றே குறிக்கப்படுகிறார்கள். நடிகை பொம்மைகளை வைத்துச் சார்பியல் கோட்பாட்டைப் பேராசிரியருக்கே விளக்குகிறார். அந்தக் காட்சியின் இன்பம் புகழ்பெற்ற பெயரை நம்பி நிற்கவில்லை. அறிவாளி என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பெண், தன் அறிவை மதிக்கக்கூடிய ஒரே மனிதரிடம் அதைக் காட்டத் துடிப்பதில் இருக்கிறது.

ஆறாம் படி: மாற்றியதைக் கணக்கில் வைப்பது

எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று தனித்தாளில் எழுதிவாருங்கள். மாற்றாமல் எழுத முடியாது. ஆனால் அந்த மாற்றம் யாருக்காவது அநீதியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் இவ்வளவு மதிக்கும் மயாமி படத்தோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அறையில் நடந்த சண்டைக்குப் பிறகே கறுப்பின மக்களின் உரிமை பற்றிய தன் புகழ்பெற்ற 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' பாடலைச் சாம் குக் தொலைக்காட்சியில் பாடுவதாகப் படம் முடிகிறது. உண்மையில் அவர் அந்தப் பாடலை 1964 ஜனவரி 30இலேயே பதிவு செய்துவிட்டார். பிப்ரவரி 7 அன்று தொலைக்காட்சியில் பாடியும் விட்டார். மயாமி இரவுக்கு 18 நாள் முன்பு! மால்கம் சுட்டிக்காட்டியதால் குக் விழித்துக்கொண்டார் என்று தோன்றும்படி வரிசை மாறிவிட்டது. நாடகத்துக்கு அது வலிமை சேர்க்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் சொல்லாமலே அந்தப் பாடலை எழுதிய மனிதரிடமிருந்து அந்தப் பெருமையில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டது. தேதியை மாற்றும்போது, இறந்தவரின் தரப்பில் நின்று ஒருமுறை யோசியுங்கள்.

சட்டமும் இங்கே வருகிறது. இறந்தவரைப் பற்றிய இழிவான கூற்று, குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்லப்பட்டால் நம் நாட்டில் அவதூறாகலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அது இருக்கிறது. கடிதங்களையும் பாடல்களையும் அப்படியே பயன்படுத்துவதென்றால், எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்ததா என்று பாருங்கள். காந்தியின் எழுத்துகளை 2009 முதல் யாரும் பயன்படுத்தலாம். பாரதியின் படைப்புகள் நாட்டுடைமையானவை. பாடல் வரி பொதுவாக இருந்தாலும், ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

பயிற்சி: கதீட்ரல் சாலை, 1919

எல்லாப் படிகளையும் நம் ஊர்ச் சந்திப்பு ஒன்றில் பயின்று பாருங்கள். 1919இல் காந்தி சென்னைக்கு வந்து, சேலத்திலிருந்து சமீபத்தில் குடிபெயர்ந்திருந்த ராஜாஜியின் கதீட்ரல் சாலை வீட்டில் தங்கினார். அங்கே பாரதி வந்தார். வாசலில் காவலுக்கு நின்ற எழுத்தாளர் வ.ரா. பின்னாளில் தன் நூலில் அதைப் பதிவு செய்தார். பாரதி யாரையும் கேட்காமல் உள்ளே போய்க் காந்தியின் அருகில் அமர்ந்தார். "மிஸ்டர் காந்தி" என்று அழைத்து, அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தான் பேசும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டார். வேறு வேலை இருப்பதால் மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்றார் காந்தி. முடியாது என்ற பாரதி, காந்தி தொடங்கப்போகும் இயக்கத்துக்கு ஆசி கூறிவிட்டுப் புறப்பட்டுவிட்டார். அவ்வளவுதான், சில நிமிடங்கள்.

இப்போது நாட்குறிப்பைப் போடுங்கள். பாரதி பத்தாண்டு புதுச்சேரியில் ஒதுங்கி வாழ்ந்து, 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கைதாகி, விடுதலையாகிக் கடையத்தில் வசித்துவந்த மனிதர். காந்தியோ ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று தவித்துக்கொண்டிருந்தார். நாடு முழுவதும் கடையடைத்து உண்ணாநோன்பு இருக்கலாம் என்ற எண்ணம் அதே வீட்டில், விடியற்காலை அரைத் தூக்கத்தில் தனக்கு உதித்ததாக அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இருவருக்கும் என்ன தேவை? ஒருவருக்கு ஒரு மாலை நேரத்துத் தலைமை. மற்றவருக்கு ஒரு நாட்டையே நிறுத்தும் வழி. யாரிடம் எது இருந்தது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதத் தொடங்கியதும் மொழி குறுக்கே வரும். இருவரும் தமிழில் பேசியிருக்க முடியாது. ஆங்கிலத்தில் வைத்துக் கீழே வரி ஓட்டுவதா, தமிழிலேயே பேசவைப்பதா? எனக்கு விருப்பம், அவர்களுக்குள் ஆங்கிலமும், அறையில் இருந்த ராஜாஜி, பின்னாலேயே உள்ளே வந்த வ.ரா. போன்றோரிடம் பாரதி திரும்பும்போது தமிழும். எந்த வாக்கியத்தைக் காந்திக்குப் புரியும்படி சொல்கிறார், எதைப் புரியாதபடி சொல்கிறார் என்பதே ஒரு தனி நாடகமாகிவிடும்.

கடைசியாக முடிவு. சந்திப்பு முடிந்ததும் கேமரா யாரோடு இருக்கிறது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மற்ற காட்சிகளின் எடை அதைப் பொறுத்து மாறும். பாரதி போனபின் காந்தி, இவர் யார் என்று கேட்டதாகவும், தமிழ்நாட்டுக் கவி என்று ராஜாஜி சொன்னதாகவும், இவரைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும், அதற்கு இங்கே யாரும் இல்லையா என்று காந்தி கேட்டதாகவும் வ.ரா. எழுதுகிறார். பலர் அந்தக் கேள்வியில்தான் படத்தை முடிப்பார்கள். நான் எழுதினால் கேமரா பாரதியோடு வாசற்படி இறங்கிவிடும். தலைமை தாங்க ஆள் கிடைக்காத கூட்டத்துக்கு, அன்று மாலை என்ன பேசுவது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபடி அவர் வேகமாக நடப்பார். உள்ளே கேட்கப்பட்ட கேள்வி அவர் காதில் விழாது. அவருக்கு இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது.